மூன்றாவது வீட்டின் கூரை

போடிநாயக்கனூர்,
டிசம்பர் 27.

கர்த்தருக்குள் பிரியமான தங்கை ஜெபஷீலாவுக்கு அண்ணன் சுந்தர்ராஜ் அன்போடு எழுதுவது. மாப்பிள்ளைக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் பண்டிகை வாழ்த்துகளைச் சொல். தேவ கிருபையால் இங்கே எல்லாரும் சுகம், என் இடது கை நீங்கலாக. அதுவும் மாவுக்கட்டுக்குள் சமாதானமாகத்தான் இருக்கிறது.

அந்தக் கையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பண்டிகையன்று நீ போனில் கேட்டபோது, நட்சத்திரம் கட்ட ஏணியில் ஏறினேன், வழுக்கிவிட்டது என்றேன். நீயும், "அறுபத்திரண்டு வயசுல உனக்கு நட்சத்திரம் கேக்குதோ?" என்று சிரித்தாய். அது பொய், ஷீலா. கிறிஸ்து பிறந்த நாளும் அதுவுமாகக் கூடப்பிறந்தவளிடம் பொய் சொல்லிவிட்டோமே என்று இரண்டு நாளாக மனது உறுத்துகிறது. உண்மையைப் போனில் சொல்லவும் வழியில்லை. நான் இங்கே 'ஹலோ' என்றால் எதிர்க்கடைக்காரர் பதில் சொல்கிறார். இதுவோ வெளியே தெரியவே கூடாத விஷயம். ஆகையால் கடிதம். படித்ததும் கிழித்துவிடு.

எல்லாம் ஆலயத்து மின்விசிறியில் தொடங்கியது. நம் ஆலயத்துக்கு நான் ஆறு மின்விசிறி கொடுத்தது உனக்குத் தெரியும். ஒவ்வொன்றிலும் ஓர் இறக்கையில் 'உபயம்: சுந்தர்ராஜ்' என்றும், அடுத்த இறக்கையில் கடையின் பெயரும், மூன்றாவதில் போன் நம்பரும் சிவப்பு பெயின்டில் எழுதிக் கொடுத்தேன். விசிறி சுற்றும்போது அது யாருக்கும் தெரியாது என்பது மாட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. டிசம்பர் முதல் ஞாயிறு ஆயர் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். வலது கை கொடுப்பது இடது கைக்குக்கூடத் தெரியக் கூடாது, பண்டிகைக் காலத்தில் நாம் கொடுக்கிறோமா, கொடுப்பதைக் காட்டுகிறோமா என்று கேட்டார். கேட்ட அந்த நொடியில் கரண்டு போனது. ஆறு விசிறியும் மெள்ள மெள்ள நின்றன. சபை முழுவதும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்தது. ஆயரும் பார்த்தார். லேசாகத் தொண்டையைச் செருமினார், அவ்வளவுதான். வீட்டுக்குப் போகும் வழியில் உன் அண்ணி சாராள், "கரண்டு போனாத்தான் உங்க தர்மம் தெரியுது" என்றாள்.

அன்றைக்கு ஒரு தீர்மானம் எடுத்தேன். இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஒரே ஒரு காரியமாவது ஈ எறும்புக்குத் தெரியாமல் செய்ய வேண்டும். சாராளுக்கு மட்டும் தெரியலாம், அவளிடம் எதையும் மறைக்க முடிந்ததில்லை. யாருக்குச் செய்வது என்று யோசிக்கவே தேவையில்லாமல் இருந்தது. நம் கடையில் இருபது வருஷமாக லோடு இறக்குகிற பேச்சிமுத்துவை உனக்கு நினைவிருக்கும். ஐப்பசியில் சிமென்ட் மூட்டையோடு வழுக்கி விழுந்து வலது காலை ஒடித்துக்கொண்டான். அதே மாதத்துக் காற்றில் மரக்கிளை விழுந்து அவன் வீட்டு ஓடும் நொறுங்கிவிட்டது. மேலே தார்ப்பாயைக் கட்டி, அது பறக்காமல் இருக்கப் பழைய டயர் இரண்டை வைத்திருந்தான். நான் தினமும் கூரை ஷீட் விற்கிறவன். நம் ஆளின் தலைக்கு மேலே டயர் இருப்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

பேச்சிமுத்துவிடம் நேரில் சொன்னால், "மொதலாளி கூரை போட்டுக் குடுத்தாக" என்று பஜார் முழுக்கச் சொல்லிவிடுவான். ஆகவே கோம்பையிலிருந்து சின்னக்கருப்பு என்று ஒரு கூரை வேலைக்காரனை வரவழைத்தேன். அவனுக்கு எங்கள் தெரு தெரியாது. சபரிமலைக்கு மாலை போட்டிருந்ததால் எதிரில் வருகிற எல்லாரையும் 'சாமி' என்றான், என்னையும் சேர்த்து. நீல ஷீட்டுகளை லோடு ஆட்டோவில் ஏற்றி, "சர்ச்சுக்குப் பின்னாடி சந்து, மூணாவது வீடு, வாசல்ல முருங்கை மரம், கால் ஒடிஞ்ச ஆளு இருப்பாரு. யாரு அனுப்புனதுன்னு கேட்டா மூச்சு விடக் கூடாது" என்றேன். அவன் உளறிவிடக் கூடாது என்று பேச்சிமுத்துவின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. அன்று முழுவதும், எல்லாரும் என்னைப் பார்க்கட்டும் என்று, கடை வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் சின்னக்கருப்பு வந்தான்.

"வேலை சுத்தமா முடிஞ்சுது சாமி. இனிமே ஒரு சொட்டு எறங்காது."

"யாருன்னு கேட்டாரா?"

"கேட்டாக. கிறிஸ்மஸுக்கு ஒரு சாமி போடச் சொன்னாகன்னு மட்டும் சொன்னேன். பாவம் சாமி, நொண்டி நொண்டிப் போயி எங்களுக்கு டீ வாங்கியாந்தாரு. கடைசி ஷீட்டு ஏறையில அழுதுட்டாரு."

எனக்கும் கண் கலங்கிவிட்டது. கால் ஒடிந்த பேச்சிமுத்து டீத்தூக்கோடு நொண்டிக்கொண்டு வருவதை நினைத்துப் பார்த்தேன். கட்டுப் போட்ட காலோடு ஒருவன் டீக்கடை வரை எப்படி நடந்தான் என்று நினைத்துப் பார்க்கவில்லை. அன்றைக்கு இருந்த சந்தோஷம் போல என் ஆயுசில் இருந்ததில்லை, ஷீலா. அது இரண்டு நாள் இருந்தது.

மூன்றாம் நாள் கடைக்கு வந்த ஒருவர், "உங்க சபையில வினோத்ராஜ் யாருக்கோ கூரை போட்டுக் குடுத்தாராமே, பெரிய மனசு" என்றார். வினோத்ராஜைத் தெரியும் அல்லவா, பஜாரில் எங்களைத் தவிர இருக்கிற ஒரே ஹார்டுவேர்ஸ் கடைக்காரன். நாற்பது வயதுகூட ஆகவில்லை, ஆனால் பேச்சில் எழுபது வயதுப் பரிசுத்தம். "அவரே சொன்னாரா?" என்றேன். "சொல்லல. கேட்டதுக்குச் சிரிச்சாராம்." அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை, ஆனாலும் அது என் கண்ணுக்குள்ளேயே நின்றது. மறைவாகச் செய்ய வேண்டும் என்றுதான் நினைத்தேன், மறைவாகச் செய்ததை இன்னொருவன் தூக்கிக்கொண்டு போவான் என்று எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை. சரி, கூரையையாவது ஒருமுறை கண்ணால் பார்த்து ஆறுதல் அடைவோம் என்று, மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சந்துக்குப் போனேன்.

கிழக்குப் பக்கமாக நுழைந்தேன். மூன்றாவது வீட்டில் பழைய தார்ப்பாய். மேலே அதே இரண்டு டயர். உள்ளே பேச்சிமுத்து கட்டிலில் காலை நீட்டி, மடியில் ஒரு வாளியை வைத்துக்கொண்டு, மேலிருந்து விழும் சொட்டை அதில் பிடித்துக்கொண்டிருந்தான். "என்ன மொதலாளி, இந்த மழையில இங்கன?" என்றான். "சும்மா, இந்தப் பக்கமா வந்தேன்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. தலையைத் திருப்பினேன். சந்தின் மேற்குக் கோடியில் நீலமாக ஒரு கூரை பளபளத்தது. அங்கிருந்து எண்ணினால் அது மூன்றாவது வீடு. வாசலில் அங்கேயும் முருங்கை மரம். அது சண்முகராஜ் வீடு.

சண்முகராஜைப் பற்றி உனக்கு நான் சொன்னதில்லை. சொல்லும்படியான காரியம் இல்லை. அவர் ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிப்போகிற ஜீப் வைத்திருந்தார். விடிகாலையில் நம் கடை வாசலில்தான் ஜீப் நிற்கும், ஆட்கள் அங்கே கூடுவார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் அது பற்றி வாய்ச்சண்டை வந்தது. நான் மனு எழுதினேன். ஜீப் நிற்கிற இடத்தை ஊருக்கு வெளியே மாற்றினார்கள். அவ்வளவு தூரம் நடக்க முடியாமல் ஆட்கள் வேறு ஜீப்புக்குப் போய்விட்டார்கள். போன வருஷம் ஜீப்பை விற்றுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். 'வேறு தொழில் ஏதாவது பார்ப்பார்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எதிரில் வந்தால் இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டு போவோம்.

என் ஷீட், என் ஸ்க்ரூ, என் ரகசியம், எல்லாம் அந்த மனிதர் வீட்டு மேலே இருந்தன. மனதுக்குள் நான் ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கழற்ற ஆரம்பித்துவிட்டேன். அப்போது அவர் வெளியே வந்தார். என்னைப் பார்த்தார். பார்த்த உடனே நொண்டினார்.

"கால்ல என்ன?" என்று கேட்டுவிட்டேன். மூன்று வருஷத்தில் பேசிய முதல் வார்த்தை.

"சுளுக்கு" என்றார். பிறகு, "நனையாதீக. உள்ள வாங்க."

உள்ளே ஒரே அறை. சுவர் ஓரமாகக் குண்டா, சட்டி, பெயின்ட் டப்பா என்று ஆறேழு பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். நடுவில் பழைய சேலையில் ஒரு தொட்டில். அவருடைய மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பிள்ளை பிறந்து மூன்று வாரம். அந்தப் பெண் எழுந்திருக்கப் பார்த்தாள், வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

"போன வாரம் வரைக்கும் தொட்டிலை மணிக்கொருக்க மாத்தி மாத்திக் கட்டுவோம்" என்றார் சண்முகராஜ். "சொட்டு எங்கன விழுகுதோ, பிள்ளை அங்கன இருந்து நகரணும். இப்பத்தான் ஒரே எடத்துல தூங்குது."

நான் மனதுக்குள் கழற்றிய ஸ்க்ரூக்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டினேன். நம் கடையிலிருந்து நூறு அடி தூரத்தில் இருக்கிற சந்து, ஷீலா. அந்த வீட்டில் பச்சைப்பிள்ளை நனைகிறது என்று எனக்குத் தெரியாது. அவரும் யாரிடமும் கேட்கவில்லை. கேட்கிற மாதிரி நாமும் இருந்ததில்லை.

கிளம்பும்போது ஒரு பையைக் கொண்டுவந்தார். அவருடைய மருமகன் கம்பத்திலிருந்து கொண்டுவந்த பன்னீர் திராட்சை. "உங்க சபை ஆளுதான் கூரை போட்டாகன்னு பேசுறாக. வினோத்ராஜ் அண்ணாச்சின்னு சொல்றாக. எனக்கு அவுகளோட பழக்கமில்ல. நீங்க இதக் குடுத்துருவீகளா?" என்றார். என்னிடம், ஷீலா! என் கூரைக்கான நன்றியை என் கையிலேயே கொடுத்து, வினோத்ராஜிடம் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். வேறென்ன செய்வது?

வினோத்ராஜ் பையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "எதுக்கு அண்ணாச்சி?" என்றான். "கூரைக்கு" என்றேன். சிரித்தான். அப்போது நேரிலேயே பார்த்துவிட்டேன் அந்தச் சிரிப்பை. "எல்லாம் கர்த்தரோட கிருபை அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு ஒரு பழத்தைப் பறித்து வாயில் போட்டுக்கொண்டான். எனக்கும் ஒன்று கொடுத்தான். "நல்லா இனிக்குது, சாப்புடுங்க." சாப்பிட்டேன். புளித்தது.

வீட்டுக்கு வந்து சாராளிடம் கொட்டித் தீர்த்தேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "சரி, பேச்சிமுத்து?" என்று கேட்டாள். கடையில் ஷீட் தீர்ந்திருந்தது, அடுத்த லோடு புத்தாண்டுக்குப் பிறகுதான். சாராள் மேலே கையைக் காட்டினாள். பண்டிகை விருந்துக்காகவும் நீங்கள் வந்தால் தங்குவதற்காகவும் நம் மொட்டை மாடியில் அதே நீல ஷீட்டில் புதிதாக ஒரு கொட்டகை போட்டிருந்தேன். அன்று சாயங்காலமே அதைப் பிரித்தோம்.

சின்னக்கருப்பு இருமுடி கட்டி மலைக்குப் போய்விட்டான். மழைக்காலமானதால் வேறு ஆளும் கிடைக்கவில்லை. ஆகவே இருபத்துமூன்றாம் தேதி மத்தியானம், நாற்பது வருஷமாக ஷீட் விற்றாலும் ஒன்றைக்கூட மாட்டிப் பார்த்திராத உன் அண்ணன், பேச்சிமுத்து வீட்டில் ஏணியைச் சாய்த்து ஏறினான். "மாடியில சும்மா கெடந்த ஷீட்டு" என்று அவனிடம் சொல்லிவைத்தேன். முதல் ஷீட்டைத் தலைகீழாகப் போட்டேன். இரண்டாவது என்னோடு சேர்ந்து சறுக்கப் பார்த்தது. அப்போது சந்தின் மேற்குக் கோடியிலிருந்து சண்முகராஜ் வந்தார். கைலியை மடித்துக் கட்டினார், மேலே ஏறி ஷீட்டின் மறுமுனையைப் பிடித்தார். நொண்டவே இல்லை.

இரண்டு மணி நேரம் பேசாமல் வேலை செய்தோம். கடைசி ஷீட் வந்தபோது அவர் கேட்டார்.

"என் வீட்டுல போட்டதும் இதே ஷீட்டுத்தான். வினோத்ராஜ் அண்ணாச்சி இல்ல. நீங்கதான மொதலாளி?"

இதை யாராவது ஒருத்தர் கேட்க மாட்டாரா என்று எத்தனை நாளாகத் தவித்தேன்! 'ஆமா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது பொய்யும் இல்லை. ஆனால் அந்தத் தொட்டிலைப் பார்த்துவிட்டு வந்த பிறகு, அந்த வார்த்தையோடு என்னால் நிறுத்த முடியவில்லை.

"நான்தான். ஆனா உங்களுக்குன்னு அனுப்பல. இந்த வீட்டுக்குச் சொன்னேன், ஆளு வீடு மாறிப் போட்டுட்டான். உங்களுக்குன்னா நான் செஞ்சிருக்க மாட்டேன். ஜீப்பை எடுக்கச் சொல்லி மனு எழுதுனவனும் நான்தான். அதையும் சொல்லிப்புடுறேன்."

அவர் தலையை நிமிர்த்தாமல் ஸ்க்ரூவை முடுக்கினார். "மனு நீங்கன்னு தெரியும். எங்கிட்டக் காட்டுனாக. கையெழுத்தே அரைப் பக்கத்துக்கு இருந்துச்சு." இன்னொரு ஸ்க்ரூவை எடுத்தார். முடுக்கவில்லை. "ஆளு வீடு மாறல மொதலாளி. அவன் சரியாத்தான் கேட்டான். கால் ஒடிஞ்சவரு வீடு இதானான்னு கேட்டான். பேச்சிமுத்துக்கு வந்ததுன்னு எனக்கு அப்பவே வெளங்கிருச்சு. உள்ள திரும்பிப் பாத்தேன். தொட்டிலு மேல சொட்டு விழுந்துக்கிட்டு இருந்துச்சு. ஆமான்னுட்டேன். அன்னைக்குப் பூராவும் அவன் முன்னால நொண்டுனேன். நொண்டி நொண்டி நெசமாவே சுளுக்கிருச்சு. அதுலேர்ந்து இந்தப் பக்கம் வந்து பேச்சிமுத்து மொகத்தப் பாக்க முடியல."

எங்களுக்குக் கீழே, இன்னும் மூடாத இடைவெளி வழியாக, கட்டிலிலிருந்து பேச்சிமுத்துவின் குரல் வந்தது. இரண்டு பேரும் அவனை மறந்தே போயிருந்தோம்.

"ஏலே சண்முகம், பச்சப்பிள்ளை இருக்கிற வீட்டுக்குத்தாம்ல மொதல்ல கூரை வேணும். எனக்கு ஒரு வாளி போதாதா? இதுக்குப் போயி ஏம்ல அழுகுத?"

சண்முகராஜ் அழுதுகொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று இப்போதும் தெரியவில்லை. அவருடைய தோளைத் தொட வேண்டும் என்று ஓர் அடி எடுத்து வைத்தேன். கூரை மேல் நிற்கிறோம் என்பது அப்போது எனக்கு நினைவில் இல்லை. முருங்கை மரம் பாதி வழி தாங்கியது, பிறகு அதுவும் கிளையோடு வந்துவிட்டது. வலது கை செய்தது அன்றைக்குத்தான் இடது கைக்குத் தெரிந்தது.

சண்முகராஜ்தான் என்னைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். எக்ஸ்ரே எடுக்கும் வரை உட்கார்ந்திருந்துவிட்டு, திரும்பிப் போய் மிச்சம் இருந்த ஸ்க்ரூக்களையும் முடுக்கினார். கேட்டவர்களிடமெல்லாம், "நட்சத்திரம் கட்டையில விழுந்துட்டாக" என்று சொன்னவரும் அவர்தான். பொய் சொல்வதில் நாங்கள் இருவரும் இப்போது கூட்டாளிகள்.

பண்டிகை ஆராதனையில், கைக்கட்டுக்காரனுக்கு ஒத்தாசை என்று சாராள் ஆண்கள் பக்கத்தில் என் அருகிலேயே உட்கார்ந்தாள். ஆயர், "நம்மில் ஒரு சகோதரன் பெயர் சொல்லாமல் ஓர் ஏழை வீட்டுக்குக் கூரை போட்டிருக்கிறார்" என்றார். சபை முழுவதும் திரும்பி வினோத்ராஜைப் பார்த்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டான். என் வாய் தானாகத் திறந்தது. சாராள் என் காலை மிதித்தாள், மூடிக்கொண்டேன். கடைசி பெஞ்சில், முதல் தடவையாக நம் ஆலயத்துக்கு வந்திருந்த சண்முகராஜ், துண்டில் சுற்றிய பேரப்பிள்ளையோடு உட்கார்ந்திருந்தார். சபையில் அவர் ஒருவர் மட்டும் என்னைப் பார்த்தார். அது எனக்குப் போதுமாக இருந்திருக்க வேண்டும். உன்னிடம் மறைப்பானேன், முக்கால்வாசிதான் போதுமாக இருந்தது.

விருந்துக்கு இரண்டு வீட்டாரையும் கூப்பிட்டிருந்தோம். மாடியில் கொட்டகை இல்லாததால் முன் அறையிலேயே எல்லாரும் முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். பேச்சிமுத்து கட்டுக் காலை வாசல் குறுக்கே நீட்டியிருந்தான், பிரியாணிச் சட்டி அதைத் தாண்டித் தாண்டித்தான் வந்தது. பிள்ளை கை மாறிக் கை மாறி என்னிடமும் வந்தது. ஒற்றைக் கையால் எப்படி வாங்குவது என்று பயந்தேன். அது பாட்டுக்கு என் மாவுக்கட்டின் மேல் தலையை வைத்துத் தூங்கிவிட்டது. வெளியே மழை பிடித்தது. அறையில் இருந்த எல்லாரும் ஒரே சமயத்தில் மேலே பார்த்தோம். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம்.

நீங்கள் புத்தாண்டுக்கு வரும்போது மாடியில் படுக்க இடமில்லை, முன் அறையில் நெருக்கிப் படுத்துக்கொள்ளலாம். உன் வீட்டுக் கூரையையும் அதன் கீழே தூங்குகிற எல்லாரையும் கர்த்தர் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும். சாராள் உனக்கு முத்தங்கள் சொல்லச் சொன்னாள்.

அன்புள்ள அண்ணன்,
சுந்தர்ராஜ்.

பின்குறிப்பு: இதை நேற்றே அஞ்சலில் போட்டிருக்க வேண்டும், தாமதமாகிவிட்டது. இன்று காலை வினோத்ராஜ் என் கையைப் பார்க்க வந்தான். கடையில் வேறு யாரும் இல்லை. அடக்க முடியாமல், "அந்தக் கூரை நான் போட்டதுப்பா" என்று சொல்லிவிட்டேன். அவன், "தெரியும் அண்ணாச்சி" என்றான். "ஸ்க்ரூ பத்தலன்னு சின்னக்கருப்பு எங்கடைக்குத்தான் வந்தான். லோடு ஆட்டோவுல ஷீட்டப் பாத்ததுமே உங்க கடைச் சரக்குன்னு தெரிஞ்சுபோச்சு. நான் இல்லேன்னு சொல்லியிருந்தா, அப்ப யாருன்னு தேடுவாக. பஜாருல ரெண்டே கடை. அடுத்த நிமிசம் உங்கள்ட்ட வந்துருப்பாக. வெளிய தெரியக் கூடாதுன்னு நீங்க நெனச்சது கெட்டுப்போகுமேன்னுதான் வாயத் தொறக்கல. சர்ச்சுல எல்லாரும் திரும்பிப் பாக்கையில கூசிப்போச்சு அண்ணாச்சி."

ஷீலா, ஒற்றைக் கையோடு இவ்வளவையும் திரும்ப எழுத என்னால் முடியாது. வினோத்ராஜைப் பற்றி நான் எழுதியிருப்பதையெல்லாம் பேனாவால் அடித்துவிடு. பிறகு என்னைப் பற்றி நான் எழுதியிருப்பதையும் அடித்துவிடு. ஒரு மழையும், தொட்டிலில் நனையாமல் தூங்குகிற ஒரு பிள்ளையும் மிஞ்சும். அதை மட்டும் மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டு.